அரசனில்லாக் கோட்டை: வேலூர் மதில்களுக்குள் ஒரு வரலாற்று நோக்கு

ஆண்டவரைக் கோட்டை என்றும் கன்மலை என்றும் உயர்ந்த அடைக்கலம் என்றும் பாடிப் பழகியவர்கள் நாம். மார்ட்டின் லுத்தர் 1521 மே முதல் 1522 மார்ச் வரை வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மானிய மொழியில் பெயர்த்த செய்தியை நம் மாணவர் யாவரும் திருச்சபை வரலாற்று வகுப்பில் கேட்டறிந்திருக்கின்றனர். ஆனால் நமது நாட்டிலேயே நிற்கும் ஒரு கோட்டை எதற்காக எழுந்தது, யார் யார் கைக்கு மாறியது, அதன் உள்ளிருந்த தொழுகையிடங்கள் என்ன ஆயின என்று எவரேனும் வினவினால் விடை கூறத் தயங்குவோர் நம்மில் பலர். அத்தயக்கத்தைப் போக்கும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

திருத்தணிகையிலிருந்து தொடங்குவோம். முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றெனப் போற்றப்படும் அம்மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி என்பது மரபு. மலைமேல் கோயில் உண்டு, கோட்டை இல்லை. ஆயினும் அவ்வூர் இரு பெருங்கோட்டைகளுக்கு இடையே அமைந்துள்ளது. வடமேற்கே திருப்பதியைக் கடந்தால் சந்திரகிரி. தென்மேற்கே சென்றால் வேலூர். விஜயநகரப் பேரரசின் இறுதி மரபினராகிய ஆரவீட்டு மன்னர்கள் முதலில் சந்திரகிரியிலும் பின்னர் வேலூரிலும் வீற்றிருந்து ஆண்டனர். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது திருத்தணி அதனுள் அடங்கியது. எல்லைக் கிளர்ச்சிக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பின் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. ஆகவே அவ்விரு கோட்டைகளுள் ஒன்று இன்று ஆந்திரத்திலும் மற்றொன்று தமிழகத்திலும் உள்ளன.

இவ்விரு கோட்டைகளின் வழியே நடந்த ஒரு மாணவரை நம் வாசகர் நன்கறிவர். 1888இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், அதன்பின் வேலூர் வூர்ஹீஸ் கல்லூரியிலும், முடிவில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். கிறிஸ்தவர்கள் இந்து சமயத்தின்மேல் தொடுத்த குறைகூறலே தம்மை அச்சமயத்தை ஆழ்ந்து கற்கத் தூண்டியது என்று அவரே பின்னாளில் எழுதினார். அவரை ஈண்டு நினைவுகூர்வதற்கான காரணம் பின்னர் விளங்கும்.

சந்திரகிரியைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுவோம். மலையடிவாரத்தில் நிற்கும் இராஜ மகால் மூன்று அடுக்குகள் கொண்டது. கல், செங்கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றால் மரமின்றிக் கட்டப்பட்டது. அருகே இராணி மகால் என்னும் சிறிய மாளிகை உண்டு. 1598இல் இயேசு சபைத் துறவிகள் இரண்டாம் வேங்கடபதியின் அவைக்கு வந்து நல்வரவு பெற்றது இவ்வூரிலேயே. 1639இல் தாமல் வேங்கடப்ப நாயக்கர் ஆங்கிலேயருக்கு வழங்கிய சென்னைக் கடற்கரையின் உரிமையை 1645இல் மன்னர் ஸ்ரீரங்கராயர் உறுதிசெய்தார். ஓர் அரசின் அந்திப் பொழுதில் இட்ட கையொப்பம் அடுத்த அரசின் விடியலுக்கு வழிசெய்யும் என்பதை அவர் அறிந்திருக்க மாட்டார். இன்று இராஜ மகாலில் மத்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளது.

நாம் தங்கி நோக்க வேண்டியது வேலூரையே. அவ்வூரைப் பற்றிப் பழைய வசை ஒன்று உண்டு: அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்பர். பாலாற்றையும் சுற்றியுள்ள பாறை மலைகளையும் கண்டவர்கள் பின்னிரண்டின் உண்மையை ஒப்புவர். முன்னிரண்டும் கோட்டைக்குள்ளேயே பிறந்தவை.

இக்கோட்டையை 16ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர் சின்ன பொம்மு நாயக்கர். விஜயநகரத்தின் சதாசிவராயருக்கு உட்பட்ட தலைவர். சைவ வேதாந்தப் பேரறிஞர் அப்பைய தீட்சிதரை ஆதரித்தவரும் இவரே. பரப்பு 133 ஏக்கர். உயரமான குன்றின்மேல் நிற்கும் செஞ்சியைப் போலன்றி இது சமதளத்தில் நிற்பது. இயற்கை தராத காவலை மனிதர் தாமே அமைக்க வேண்டியதாயிற்று. ஆகவே நீரும் கல்லுமாகிய இரண்டு காவல்கள். நீர் என்பது மதிலைச் சூழ்ந்த அகன்ற அகழி. இன்றும் வற்றாமல் நிற்கிறது. அதில் முதலைகள் விடப்பட்டிருந்தன என்பர். கல் என்பது இரட்டை மதில். வெளிப்புறத்தில் தாழ்ந்த மதில் ஒன்று அகழியின் ஓரத்தைக் காக்கும். அதன் பின்னே உயர்ந்து நிற்கும் உள்மதிலில் வட்டக் கொத்தளங்களும் சதுரப் பிதுக்கங்களும் இடைவிட்டு வரும். முதல் மதிலைக் கைப்பற்றும் பகைவன் இரண்டாம் மதிலின் அம்புக்கும் குண்டுக்கும் நேரே நிற்க வேண்டியிருக்கும். வாயிலோ ஒன்றே, இழுபாலத்தைக் கடந்தபின் நேரே உட்புக இயலாதபடி வழி வளைந்து திரும்பும். யானையும் குதிரையும் விரைந்து பாய்வதைத் தடுக்கும் உபாயம் அது. இன்று வண்டிகள் செல்லும் நேர்வழி பிற்காலத்தது.

மதில்மேல் நின்று பார்த்தால் இதன் குறையும் புலப்படும். கிழக்கே மலைகள் மிக அண்மையில் உள்ளன. வில்லும் வேலும் போர்க்கருவியாய் இருந்த நாளில் அவை தீங்கற்றவை. பீரங்கி வந்தபின் அவையே கோட்டையின் தலைக்குமேல் தொங்கும் வாள் ஆயின. 1677இல் முற்றுகையிட்ட மராட்டியர் இதனை உணர்ந்து எதிர்மலைகளில் சஜ்ரா, கோஜ்ரா என்னும் இரு சிறு கோட்டைகளைக் கட்டினர். பதினான்கு மாத முற்றுகைக்குப் பின் 1678இல் வேலூர் அவர்களுக்குப் பணிந்தது. நூறாண்டு கழித்து ஹைதர் அலி வந்தபோது ஆங்கிலேயர் அம்மலைகளைத் தாமே முன்கூட்டிக் காவல்செய்து கோட்டையைக் காத்துக்கொண்டனர்.

கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோயில் உண்டு. ஏழு நிலைக் கோபுரம். உள்ளே நுழைந்தவுடன் இடப்புறத்தில் திருமண மண்டபம். அதன் முகப்புத் தூண்களில் பாயும் குதிரைகளும் யாளிகளும் வீரர்களும் ஒரே கல்லினின்று பிறந்து நிற்கின்றனர். விதானத்தில் கிளிகள் தலைகீழாய்த் தொங்கிக் கல்மலரைச் சூழ்ந்திருக்கின்றன. விஜயநகரச் சிற்பக் கலையின் சிகரங்களுள் இதனை வைத்து எண்ணுவது மிகையன்று. இம்மண்டபத்தைக் கழற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லத் திட்டமிட்டனர் என்றும் அதற்கென அமர்த்திய கப்பல் கடலில் அழிந்தமையால் அது இங்கேயே தங்கிற்று என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், அம்மண்டபத்தின் அழகை அந்நியரும் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அது சான்று. ஆயினும் அழகை உணர்ந்தவர்களே அக்கோயிலைப் படைக்கலக் கிடங்காகவும் பயன்படுத்தினர். வழிபாடு நின்று, இலிங்கம் கோட்டைக்கு வெளியே சத்துவாச்சாரியில் தங்கிற்று. கருவறை வெறுமையாயிற்று. சாமியில்லாக் கோயில் என்ற வசை இவ்வாறு வந்ததே.

கோட்டையின் அரசியல் வரலாறு குருதி படிந்தது. 1614இல் வேங்கடபதிராயர் மறைந்தபோது அரியணைக்கு வந்த ஸ்ரீரங்கரும் அவர் குடும்பத்தினரும் ஜக்கராயன் என்பவனால் இக்கோட்டைக்குள்ளேயே கொலையுண்டனர். இராமதேவன் என்னும் சிறுவன் மட்டும் மறைவாக வெளியே கொணரப்பட்டுப் பின்னர் மன்னனானான். மராட்டியருக்கு முன் பீஜப்பூர்ப் படையினரும், மராட்டியருக்குப் பின் மொகலாயரும், ஆற்காட்டு நவாபுகளும் இங்கிருந்தனர்; நவாபுகளின் காலத்தில் உள்ளே ஒரு பள்ளிவாசலும் எழுந்தது. 1760இல் கிழக்கிந்தியக் கம்பெனி உட்புகுந்தது. அது முதல் கோட்டை ஒரு பாசறையும் ஒரு சிறையும் ஆயிற்று. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானின் மக்களையும் மனைவியரையும் இங்குள்ள மாளிகைகளில் காவலில் வைத்தனர்.

இனி 1806ஆம் ஆண்டுக்கு வருவோம். இது நம் போன்றோர் மெதுவாகக் கடக்க வேண்டிய பக்கம்.

1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைவர் சர் ஜான் கிரடாக் புதிய உடைவிதிகளை ஏற்படுத்தினார். அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய் நெற்றியில் சாதிக் குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடியை மழிக்க வேண்டும். தலைப்பாகைக்கு மாறாகத் தொப்பி போன்ற புதிய உருவம், அதில் தோலால் ஆன பதக்கம். பசுத்தோல் எனில் இந்துவுக்கும் பன்றித்தோல் எனில் முஸ்லிமுக்கும் அது தொடத்தகாதது. மார்பில் தொங்கிய துப்பாக்கித் திருகியின் வடிவம் சிலுவையை ஒத்தது என்றும் பேசப்பட்டதாக வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். 1806 மே மாதம் வேலூரில் ஒரு பட்டாளம் புதிய தலையணியை ஏற்க மறுத்தது. இந்து ஒருவருக்கும் முஸ்லிம் ஒருவருக்கும் ஆளுக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. தண்டனையிலாவது இரு சமயத்தாரையும் சமமாக நடத்தினர் போலும்!

ஜூலை 9 அன்று திப்புவின் மகளொருத்திக்குத் திருமணம். அன்றிரவு கடந்து 10ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். 69ஆம் பட்டாளத்தின் நான்கு கம்பெனி ஐரோப்பிய வீரர்கள் உறங்கிய பாசறையின்மேல் சாளரங்கள் வழியாகச் சுட்டனர். கோட்டைத் தலைவர் கர்னல் பான்கோர்ட் வீழ்ந்தார். மதில்மேல் மைசூர்க் கொடி ஏறிற்று. ஆனால் எழுந்தவர்கள் வாயிலைக் காக்கத் தவறிக் கொள்ளையில் ஈடுபட்டனர். செய்தி 16 மைல் தொலைவிலுள்ள ஆற்காட்டுக்கு எட்டியது. கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்தார். வாயில் மாடத்தின்மேல் எஞ்சி நின்ற வீரர்கள் தம் அரைக்கச்சைகளைக் கயிறாக முடிந்து அவரை மதில்மேல் ஏற்றினர். பீரங்கிகள் வந்து கதவைப் பிளந்தன. பட்டப்பகலில் நடந்த பழிவாங்கல் இரவில் நடந்ததற்குக் குறைந்ததன்று. மாளிகைப் பக்கம் ஒளிந்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டனர். ஐரோப்பியருள் ஏறத்தாழ 200 பேர் மடிந்தும் காயமுற்றும் வீழ்ந்தனர். மடிந்த சிப்பாய்கள் 350 பேர் என்றும் அதற்கு மேலும் என்றும் கூறுவர்.

கம்பெனி தன் விதிகளைத் திரும்பப் பெற்றது. 1807இல் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. ஆனால் இலண்டனில் வேறொரு வினா எழுந்தது. சிப்பாய்களைக் கிறிஸ்தவராக்கப் போகிறார்கள் என்னும் அச்சமே கலகத்தின் வேர் எனில், அவ்வச்சத்தை விதைத்தவர் யார்? மிஷனெரிகளே என்றனர் ஒரு சாரார். 1806 ஆகஸ்டிலேயே கல்கத்தாவில் வில்லியம் கேரியிடம் வெளிப்படையான பிரசங்கத்தை நிறுத்துமாறு கூறப்பட்டது. 1807இல் தாமஸ் ட்வைனிங் என்பவர் கம்பெனித் தலைவருக்கு எழுதிய கடிதம் அச்சாகி, கிறிஸ்தவ ஊழியத்தை இந்தியாவில் அனுமதிப்பது ஆட்சியையே கவிழ்க்கும் என எச்சரித்தது. ஸ்காட் வேரிங் அதனைத் தொடர்ந்தார். பாப்திஸ்து சங்கத்தின் ஆண்ட்ரூ புல்லர் 1808இல் மறுப்பு நூல் வெளியிட்டார். அந்த வாதத்தின் முடிவே 1813ஆம் ஆண்டுச் சாசனத்தில் மிஷனெரிகள் இந்தியா வர வழிதிறந்த விதி எனலாம்.

நம் திருச்சபை நூல்கள் பல, புல்லரின் பக்கத்தில் நின்று, வேலூர்க் கலகத்துக்கும் மிஷன் பணிக்கும் தொடர்பில்லை என்று கூறி அடுத்த அதிகாரத்துக்குச் சென்றுவிடுகின்றன. கூற்று பெரும்பாலும் உண்மையே. உடைவிதியை எழுதியவர் ஊழியர் அல்லர், படைத்தலைவர். கம்பெனியோ மிஷனெரிகளை விரும்பாததோடு அஞ்சவும் செய்தது. ஆயினும் சிப்பாய் கண்டது என்ன? ஆளுபவன் தொப்பி அணிந்தான். குருவும் தொப்பி அணிந்தார். இருவருக்கும் இடையே இருந்த பிணக்கு அவனுக்கு எவ்வாறு தெரியும்? கூலிக்குப் படையில் சேர்ந்தவனின் நெற்றிக் குறியை அழி என்று ஒருவன் ஆணையிட்டால், அடுத்து அழிக்கப்போவது அவன் தெய்வத்தை என்று அவன் எண்ணியது பேதைமை ஆகாது. எண்ணத்தில் பிழை இருந்தது. ஆனால் அப்பிழைக்கு இடம்தந்தது சிப்பாய் மட்டுமன்று.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 1846இல் கம்பெனி அரசு கோட்டைப் படையினரின் வழிபாட்டுக்கென உள்ளேயே தூய யோவான் ஆலயத்தைக் கட்டியது. எளிய, அமைதியான கட்டடம். அதற்கும் சலகண்டேசுவரர் கோபுரத்துக்கும் இடையே சில நிமிட நடையே உண்டு. ஒரே மதிலுக்குள் மூன்று சமயங்களின் ஆலயங்கள் நிற்பதைக் காட்டிச் சமய நல்லிணக்கத்தின் சின்னம் என்று வழிகாட்டி நூல்கள் புகழ்கின்றன. நாமும் அதனை விரும்பிக் கூறுவதுண்டு. ஆயினும் 1846இல் அவற்றின் நிலையை நேர்மையாக நோக்க வேண்டும். ஒன்றில் வழிபாடு இல்லை. ஒன்றில் தொழுகை இல்லை. ஒன்றில் மட்டுமே மணி ஒலித்தது, அது ஆளுவோரின் ஆலயம். 1806இல் சிப்பாய் அஞ்சிய காட்சி, ஒருவரும் திட்டமிடாமலேயே, கல்லில் வந்து அமைந்தது எனலாம்.

ஆனால் வேலூரில் கிறிஸ்தவப் பணி வேரூன்றியது கோட்டைக்குள் அன்று. 1853இல் அமைந்த அமெரிக்க ஆற்காட்டு மிஷன் மதிலுக்கு வெளியே ஊர்களிலும் பள்ளிகளிலும் பணியாற்றிற்று. 1900இல் ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி, 1902இல் மருத்துவமனையாகவும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்தது. அவ்வம்மையார் தம் பணியைத் தொடங்கிய அந்த ஆண்டளவில்தான் திருத்தணி மாணவர் இராதாகிருஷ்ணனும் வேலூர் வந்து சேர்ந்தார். அவர் கற்றுத் தேர்ந்து, தமக்குக் கற்பித்தவர்களையே மறுத்து எழுதினார். கோட்டைக்குள் மறுத்தவனுக்குக் கசையடி கிடைத்தது. வெளியே மறுத்தவருக்குப் பட்டம் கிடைத்தது. இவ்வேறுபாட்டை நம் மிஷன் வரலாற்றில் நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

கோட்டைகள் பணி மாறுவது வேலூருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் டர்ஹம் பேராயர்களின் கோட்டை 1837இல் பல்கலைக்கழகக் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டு மாணவர் விடுதி ஆயிற்று. நார்மானிய அரசர்கள் கட்டிய நாரிச் கோட்டை பல நூற்றாண்டு சிறையாய் இருந்து 1894இல் அருங்காட்சியகமாய்த் திறக்கப்பட்டது. போர் நீங்கியபின் மதிலுக்கு வேறு வேலை தேடித்தர வேண்டியிருக்கிறது. சிறையே எளிதில் கிடைக்கும் வேலை.

வேலூரும் அவ்வாறே. கண்டியின் இறுதி மன்னர் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கர் 1815இல் பிடிபட்டு, அடுத்த ஆண்டு தம் குடும்பத்தோடு இங்குக் கொணரப்பட்டார். 1832 ஜனவரி 30 அன்று கைதியாகவே மறைந்தார். நாயக்கர் மரபில் வந்து சிங்கள நாட்டை ஆண்ட அம்மன்னரின் கல்லறை பாலாற்றங்கரையில் உள்ளது. முத்து மண்டபம் என்பர். அரசனில்லாக் கோட்டை என்ற வசையில் நகைப்புக்குரியது ஒன்றுண்டு: அரசர்கள் இல்லாமற் போனதில்லை, இருந்தவர்கள் யாவரும் விலங்கிடப்படாத கைதிகள். ஏறத்தாழ 180 ஆண்டுகள் கழித்து இலங்கைத் தமிழருக்கே இக்கோட்டை மறுபடியும் சிறையாயிற்று. திப்பு மகாலில் காவலில் வைக்கப்பட்டிருந்த விடுதலைப் புலிகளுள் 43 பேர் 1995 ஆகஸ்டில் சுரங்கம் தோண்டி வெளியேறினர். மராட்டியருக்குப் பதினான்கு மாதம் வழிவிடாத மதிலை அவர்கள் கீழிருந்து வென்றனர்.

காவலர் பயிற்சிக்கும் அரசு அலுவலகங்களுக்கும் அருங்காட்சியகத்துக்கும் மாளிகைகள் பயன்பட்டு வந்துள்ளன. கலகத்தின் இருநூறாம் ஆண்டாகிய 2006இல் நடுவண் அரசு நினைவுத் தபால்தலை வெளியிட்டது. அவற்றினும் பெரிய மாற்றம் 1981 மார்ச் 16 அன்று நிகழ்ந்தது. சத்துவாச்சாரியிலிருந்த இலிங்கம் கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டு வெறுமையான கருவறையில் வைக்கப்பட்டது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் புதிதாக வழிபாடு தொடங்கலாகாது என்பது தொல்லியல் துறையின் கொள்கை. மக்களோ அது புதிதன்று, இடையில் நின்றதே என்றனர். அன்றோடு பழைய வசையில் ஓரடி பொய்த்தது.

இன்று ஞாயிறு காலையில் தூய யோவான் ஆலயத்தில் ஆராதனை நடக்கும் வேளையில், கோபுர வாயிலில் பூக்கடைகளைக் கடந்து மக்கள் திரளாய்ச் செல்கின்றனர். ஒரு காலத்தில் தொப்பியணிந்த படையினர் அமர்ந்த இருக்கைகளில் தமிழ்ச் சபையார் அமர்கின்றனர். பள்ளிவாசல் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில், தொழுகையின்றி, மூடிய கதவோடு நிற்கிறது.